காலர் தேயாத சட்டைகள்

பணம் இல்லாத காலத்தில் அந்த வீட்டில் சண்டையே வந்ததில்லை. பணம் வந்த மூன்றாம் நாள் புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் நடந்தது அதுதான்.

பணம் என்றால் லாட்டரியில் விழுந்த பணம் இல்லை. கணவர் இருபத்தாறு வருடம் ஒரே அச்சகத்தில் மிஷின் ஓட்டியவர். தெருவில் எல்லோருக்கும் அவர் பிரஸ்காரர். அச்சகத்தை இழுத்து மூடிய முதலாளி ஒரு தொகையைக் கையில் கொடுத்து, தோளில் தட்டி அனுப்பிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதுக்காரருக்கு இனி யார் வேலை தருவார்கள்? மகள் விடுதியில் தங்கி நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருடம். ஆக, அந்தத் தொகைதான் வீட்டு வாடகை, அதுதான் மகள் படிப்பு, அதுதான் நாளைக்குக் கஞ்சி. அது போனால் திரும்பிப் பார்க்க ஒன்றும் கிடையாது.

அதை முழுசாக வண்டிக் கம்பெனியின் பங்கில் போட வேண்டும் என்று வந்து உட்கார்ந்தவன் கொழுந்தன், பிரஸ்காரரின் ஒரே தம்பி. வண்டிக் கம்பெனி என்பது பேட்டரியில் ஓடும் இரு சக்கர வண்டி செய்கிற கம்பெனி. ஊருக்கு வெளியே பெரிய தொழிற்சாலை. ஆறே மாதத்தில் அதன் பங்கு விலை இரண்டு மடங்காகிவிட்டது. முடி வெட்டுகிற கடையில் அதே பேச்சு, மருந்துக் கடை வரிசையில் அதே பேச்சு. வாங்காதவன் மடையன் என்று ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது. ஊர் தீர்ப்பு எழுதினால் அப்பீல் உண்டா?

கொழுந்தன் செல்போன் கடையில் வேலை செய்கிறவன். ரிப்பேருக்கு வருகிற போன்களில் பத்துக்கு ஏழில் அந்தப் பங்கு இருப்பதைக் கண்ணால் பார்த்தானாம். இதுதான் அவனுடைய ஆராய்ச்சி. அண்ணனுடைய ஆராய்ச்சி இன்னும் அழகு. அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் போன வருடம் அவர்தான் தன் மிஷினில் அச்சடித்தார். அதில் ஒரு பிரதி வீட்டு அலமாரியில் கிடக்கிறது. முதல் தரமான வழுவழு காகிதம், அட்டைக்கு லேமினேஷன், ஆறு கலர். கையில் காசில்லாதவன் இப்படி அடிப்பானா என்பது அவர் கேள்வி. சரி, உள்ளே என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், எழுத்து எங்கேயும் மை தீற்றாமல் சுத்தமாக விழுந்திருந்தது என்பார். இருபத்தாறு வருடத்தில் அவர் அடித்த புத்தகங்களை அடுக்கினால் கூரையைத் தொடும். ஒன்றையும் படித்ததில்லை, பாவம். படித்தால் தாள் சிக்கிக்கொள்ளும்.

இனி அவளுக்கு வருவோம். அவள் வேலை ஒரு பெரிய சலவை ஆலையில். சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளின் சீருடைகள் மூட்டை மூட்டையாக அங்கே வரும். துவைக்கும் மிஷினுக்குள் போவதற்கு முன் ஒவ்வொரு சட்டையின் பையிலும் கை விட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை. ஒரு திருகாணி உள்ளே போனால் நாற்பது சட்டை கிழியும், ஒரு பேனா போனால் நாற்பதும் நீலமாகும். பையில் கிடைத்ததை ஒரு உறையில் போட்டு, சட்டையில் தைத்திருக்கும் எண்ணை மேலே எழுதி, திருப்பி அனுப்ப வேண்டும். பதினேழு வருடமாக இதைச் செய்கிறாள். ஆலையில் அவளுக்குப் பாக்கெட் அக்கா என்று பெயர்.

அந்த மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு. பையில் பார்த்தது வாய்க்கு வரக்கூடாது. எத்தனையோ காதல் கடிதம், எத்தனையோ மருத்துவச் சீட்டு, ஒருமுறை ஒரு ராஜினாமாக் கடிதம்கூட அவள் விரல் வழியாகப் போயிருக்கிறது. புருஷனிடம்கூட மூச்சு விட்டதில்லை. வாயை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு அந்த மேஜையில் ஒரு வாரம்கூட இடமில்லை.

அப்படிப்பட்டவள், பணம் வந்த மூன்றாம் நாளான செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாயைத் திறந்துவிட்டாள்.

வண்டிக் கம்பெனிச் சட்டைகள் முன்பெல்லாம் நாளைக்கு முந்நூறு வரும். மடித்த கையில் கிரீஸ், பையில் போல்ட்டு, வாஷர், ஒயர் துண்டு. ஒரு சட்டையைத் தூக்கினாலே வியர்வை நெடி மூக்கைப் பிடுங்கும். இரண்டரை மாதமாக வருவது நூற்றிருபதுதான். அதுவும் அழுக்கே இல்லை. பையில் கை விட்டால் கடலைத் தோல். நாலாக மடித்த காகிதத்தில் புள்ளி வைத்துக் கோடு போடும் விளையாட்டு. ஒருநாள் ஒரு கேரம் காய். வேலை இருக்கிறவன் பையில் கேரம் காய்க்கு என்ன வேலை? ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், கம்பெனியில் வண்டி ஓடவில்லை, வாய்தான் ஓடுகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று இதைத்தான் அவள் புருஷனிடம் சொன்னாள்.

கொழுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். “கடலைத் தோலை வெச்சு கம்பெனிக்கு ஜோசியம் சொல்றீங்களே அண்ணி.”

கணவர் சிரிக்கவில்லை. தம்பி விடவுமில்லை. நாளை மறுநாள் கம்பெனி ஏதோ பெரிய அறிவிப்பு தரப்போகிறது, அதற்கு முன் வாங்கியவன் பிழைத்தான், நாளை மூன்றரைக்குச் சந்தை மூடுவதற்குள் போடாவிட்டால் அப்புறம் ஏணி வைத்தாலும் எட்டாது என்று கணக்காக அடுக்கினான். கணவர் அவனையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். நாளைக்கு முடிவு சொல்கிறேன் என்று எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார். அன்று ராத்திரி இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது வாசல் வரை வந்தார். அதுவே அதிசயம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் பணம் காசு விஷயத்தில் அவளை ஒரு வார்த்தை அவர் கேட்டதில்லை. கெட்டவர் என்று அர்த்தமில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றாத ஆள்.

“நீ சொன்னது உறுதிதானே? உன் வார்த்தையை நம்பித்தான் அவன்கிட்ட வேண்டாம்னு சொல்லப்போறேன்,” என்றார்.

உறுதிதான் என்று சொல்லிவிட்டு வந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அவர் கேட்டதை மனசுக்குள் மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தாள். சந்தோஷமா பயமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பத்தரை மணிக்கு வண்டிக் கம்பெனி மூட்டை மேஜைக்கு வந்தது. முதல் சட்டை, கடலைத் தோல். இரண்டாவது சட்டை, ஒன்றுமில்லை. மூன்றாவதை உதறும்போது அதன் காலர் அவள் கண்ணில் பட்டது. வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. காலர் மடிப்பு தேயவே இல்லை, புது மடிப்பு. அவள் கை நின்றது. அடுத்த சட்டையின் காலரைப் பார்த்தாள், புதுசு. அடுத்ததும் புதுசு. மூட்டையைக் கவிழ்த்து இருபது சட்டையைப் பார்த்தாள். ஒன்றில்கூடக் காலர் நூல் பிரியவில்லை. இரண்டு வருடம் துவைத்த சட்டையின் காலர் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? கழுத்து உராய்ந்து வெளுத்து, ஓரத்தில் இழை தொங்கும். இவை எல்லாம் மூன்று மாதம்கூட ஆகாத சட்டைகள்.

எண்ணைப் பார்த்தாள். எல்லாம் ஒன்பதில் ஆரம்பிக்கிற எண்கள். பழைய சட்டைகளில் மூன்று, நாலு என்றல்லவா இருக்கும்?

அடிப் பாவி, இத்தனை நாள் பையைத்தானே பார்த்தாய், சட்டையைப் பார்த்தாயா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பழைய ஆட்களின் சட்டை எங்கே போனது? அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புது ஆட்களை எடுத்தார்களா? அப்படியானால் புது ஆள் எதற்குச் சும்மா உட்கார்ந்திருக்கிறான்? நேற்று மலை போலத் தெரிந்த உறுதி இன்று மணலாகச் சரிந்தது. அங்கே ஒரு மனுஷர் அவள் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு சட்டைப் பையில் மூச்சிரைப்புக்காரர்கள் உறிஞ்சுகிற மருந்துப் பம்பு ஒன்று கிடைத்தது. பாதி மருந்து இருந்தது. மருந்து கிடைத்தால் அன்றைக்கே உரியவர் கையில் சேர்க்க வேண்டும் என்பது விதி. வழக்கமாக வேன்காரர் கொடுத்துவிடுவார். அவள் நேரே மேனேஜரம்மா முன்னால் போய் நின்றாள். இதை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், அரை நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றாள். பதினேழு வருடத்தில் அரை நாள் கேட்காதவள் கேட்டதில் மேனேஜரம்மாவே பயந்துபோய், வீட்டில் எல்லோரும் நல்லா இருக்காங்கல்ல என்று விசாரித்துத்தான் அனுப்பினார்.

வேன் அவளை ஒன்று பத்துக்குத் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டது. காத்திருக்க முடியாது, இன்னும் நாலு இடம் போக வேண்டும் என்று வேன்காரர் கிளம்பிவிட்டார். வாசலில் செக்யூரிட்டிக்காரர் போனை வாங்கி ஒரு சின்ன இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, டோக்கன் ஒன்றைக் கையில் கொடுத்தார். கேமரா இருக்கிற எந்தச் சாமானும் உள்ளே போகக்கூடாதாம். போன் இல்லாமல் அவள் கை ஓய்ந்துவிட்டது. வீட்டில் இந்நேரம் என்ன நடக்கிறதோ, கொழுந்தன் வந்துவிட்டானோ, கேட்கவும் வழியில்லை சொல்லவும் வழியில்லை.

பார்வையாளர் அறையில் உட்காரச் சொன்னார்கள். சுவரில் கடிகாரம். ஒன்று இருபது. ஒன்று முப்பத்தைந்து. கடிகாரம் பார்க்கிறவளுக்கு நிமிஷம் நகராது, ஆனால் மணி மட்டும் ஓடும். ஒன்று ஐம்பதுக்கு ஒருவர் வந்து, இந்த எண்ணா, இது பயிற்சிக் கூடமாச்சே என்று சொல்லி, கட்டிடத்தின் ஓரமாகவே அழைத்துப் போனார்.

அது ஒரு நீளமான கூடம். நூறு பேருக்கு மேல் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயது. முன்னால் கரும்பலகை, பலகை முன்னால் ஆள் இல்லை. மூலையில் நாலு பேர் காகிதத்தில் புள்ளி வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கடலை வாசனை அடித்தது. அவளுக்கு அந்த முகங்கள் புதுசு, ஆனால் அந்தச் சட்டைகள் ஒவ்வொன்றும் தெரியும்.

எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டதும் ஒரு பெண் எழுந்து ஓடி வந்தாள். பம்பைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. காலையிலிருந்து தேடினாளாம். இருவரும் வாசல் ஓரமாக நின்றார்கள். பாக்கெட் அக்காவை அழைத்து வந்தவர் தள்ளி நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேலைக்குச் சேர்ந்து எத்தனை நாளாச்சும்மா?”

“பதினோரு வாரம்க்கா. இன்னும் மிஷினைத் தொடல. ரெண்டாவது லைன் போடறாங்க, அது ரெடியானதும் எங்களை ஏத்துவாங்களாம்.”

“எப்ப ரெடியாகுமாம்?”

“அடுத்த வாரம்னு சொல்றாங்க. பதினோரு வாரமா அப்படித்தான் சொல்றாங்க.”

“அப்ப பழைய ஆளுங்க? அவங்க சட்டை எங்ககிட்ட வர்றதே இல்லையே?”

“அவங்களுக்கு இப்ப வேற சட்டைக்கா. பேட்டரிப் பக்கம் நிக்கிறவங்க இல்லையா, தீப்பிடிக்காத துணி. உள்ளேயே துவைச்சுக்கிறாங்க.”

பாக்கெட் அக்காவுக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. சோறு பதம் பார்த்தது சரிதான். ஆனால் அவள் பதம் பார்த்த சோறு இந்தப் பானையில் வேகவே இல்லை, பக்கத்து அடுப்பில் இன்னும் உலை வைக்காத பானை அது. இரண்டரை மாதமாகப் பள்ளிக்கூடப் பையைத் துழாவிவிட்டுத் தொழிற்சாலைக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள். அவமானத்தில் காது இரண்டும் சூடாகிவிட்டது.

வெளியே வரும் வழியில் பெரிய கட்டிடத்துச் சுவர் ஓரமாக நடந்தார்கள். உள்ளேயிருந்து உர்ரென்று விடாமல் ஒரு சத்தம். அவள் நடையைக் குறைத்துக் காது கொடுத்தாள். மிஷின் ஓடுகிற சத்தமாகவும் இருக்கலாம், காற்றாடி சுற்றுகிற சத்தமாகவும் இருக்கலாம். சலவை ஆலையில் எந்த டிரம் எந்த வேகத்தில் சுற்றுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். இங்கே ஒன்றும் பிடிபடவில்லை.

வாசலில் போனைத் திருப்பி வாங்கும்போது செக்யூரிட்டிக்காரரிடம் மெல்லக் கேட்டாள். “உள்ள லைன் நல்லா ஓடுதாண்ணே?”

“எனக்கு எங்கம்மா தெரியும்? நான் கேட்டுக்கு இந்தப் பக்கம்,” என்றார் அவர்.

போனில் ஒன்பது அழைப்புகள் தவறியிருந்தன. மணி இரண்டு இருபது. கூப்பிட்டாள். எடுத்தது கொழுந்தன். எங்கே அண்ணி போனீங்க, எல்லாம் ரெடியா வெச்சிருக்கோம், ஒரே ஒரு தட்டு தட்டணும், அண்ணன் என்னடான்னா நீங்க வரணும்னு பிடிவாதமா உட்கார்ந்திருக்கார் என்று படபடத்தான். சின்னக் குழந்தை போல ஒரு கெஞ்சல் அந்தக் குரலில். அவளுக்கு அது புதுசாகப் பட்டது. கணவர் போனை வாங்கினார். கம்பெனிக்கே போய்ப் பார்த்தேன் என்றாள். என்ன பார்த்தே என்றார். தம்பி பக்கத்தில் இருக்கும்போது சொன்னால் அவன் பேசியே கவிழ்த்துவிடுவான் என்று, வந்து சொல்கிறேன், அதுவரைக்கும் எதையும் தொடாதீர்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தொடாதீர்கள் என்றதை வைத்து, அவள் சொன்னது சரிதான் என்று அவர் எடுத்துக்கொள்வார் என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

அந்த பஸ் பயணத்தைப் போல் ஒரு பயணம் பகையாளிக்குக்கூட வரக்கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது, நிறுத்தம் இல்லாத இடத்திலும் நின்றது. அவளுக்குள் ஒரு குரல் ஓதிக்கொண்டே வந்தது. எதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும்? ஆமாங்க, என் கண்ணால் பார்த்தேன், எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்காங்க என்று சொன்னால் போதாதா? அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லையே. பார்த்தது அதைத்தானே? கொழுந்தன் வாயை மூடுவான், பணம் பத்திரமாக இருக்கும், புருஷன் முன்னால் தலை நிமிர்ந்து நிற்கலாம். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகக் கேட்ட மனுஷரிடம், ஐயோ நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நின்றால் இனி எந்தக் காலத்தில் கேட்பார்?

இன்னொரு பக்கம், உண்மையைச் சொன்னால் கொழுந்தன் அதையே பிடித்துக்கொள்வான். புது லைன், புது ஆட்கள், கம்பெனி வளர்கிறது என்று குதிப்பான். அவள் வாயாலேயே பணம் போய்விடும். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று ஊர் சிரிக்கும். அவள் முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிடித்ததில் விரல் வெளுத்துவிட்டது. எந்தப் பக்கம் போவது என்ற குழப்பம் அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வரும்வரை தீரவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போது மூன்று பதின்மூன்று. சாப்பாட்டு மேஜையில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கணவரின் போன், திரை அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு பங்கு, எவ்வளவு பணம், எல்லாம் அதில் நிரப்பியிருந்தது. கீழே ஒரு பச்சைப் பொத்தான். அவ்வளவுதான், இருபத்தாறு வருடம் ஒரு பொத்தானுக்கு மேலே உட்கார்ந்திருந்தது.

கணவர் அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

“சொல்லு. நீ சொன்னது சரிதானே?” என்றார். தம்பியைத் திரும்பிப் பார்த்து, கேட்டுக்கோடா என்பது போலத் தலையை ஆட்டினார்.

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். கணவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் இருந்த நம்பிக்கைதான் அவளைக் கொன்றது. அந்த நம்பிக்கையில் மண்ணை அள்ளிப் போடக் கை வரவில்லை.

“நான் சொன்னது தப்புங்க,” என்றாள்.

பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். காலர், எண், பயிற்சிக் கூடம், பதினோரு வாரம், தீப்பிடிக்காத சட்டை, எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடிப்பதற்குள் கொழுந்தன் எழுந்தேவிட்டான்.

“பாத்தீங்களாண்ணா. ரெண்டாவது லைன் போடறானாம். நூறு பேரைச் சும்மா வெச்சுச் சம்பளம் குடுக்கிறான்னா அவன்கிட்ட எவ்வளவு பணம் இருக்கணும். அண்ணியே சொல்லிட்டாங்க, இன்னும் என்ன? பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கு.”

கணவர் அவளையே பார்த்தார். “அப்ப வாங்கலாம்ங்கிறியா?”

“அதையும் நான் சொல்ல மாட்டேன். லைன் வருதோ, பதினோரு வாரமா வராம கிடக்குதோ, ரெண்டுக்கும் நான் பார்த்தது சாட்சி ஆகாது. உள்ள ஏதோ சத்தம் கேட்டுச்சு. எதோட சத்தம்னு தெரியல. எனக்குத் தெரியாதுங்க. போய்ப் பார்த்தும் தெரியல.”

தெரியாதுன்னு சொல்லவா இவ்வளவு தூரம் போனீங்க என்று கொழுந்தன் கையை உதறினான். போனை அண்ணன் பக்கம் தள்ளினான். மூன்று பதினெட்டு. கணவரின் விரல் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றது. மை ஏறிக் கறுத்த நகம்.

“இவ தப்பாப் பார்த்தாலும் எதையோ பார்த்திருக்கா,” என்றார் கணவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் காகிதத்தைத் தடவிப் பார்த்தேன். நீ எதைடா பார்த்தே?”

“எல்லாரும் போடறாங்கண்ணா.”

“நீ போட்டிருக்கியா?”

கொழுந்தன் கண்ணைத் திருப்பிக்கொண்டான். அவர் மறுபடி கேட்டார், குரலை உயர்த்தாமல். அவன் உட்கார்ந்தான். அவன் முகம் கோணிக்கொண்டு போனது. நாற்பது வயது ஆண்பிள்ளை அப்படி உடைவதைப் பார்க்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

போட்டிருக்கிறான். மூன்று வாரம் முன்பே, பெண்டாட்டிக்குத் தெரியாமல் அவள் நகையை அடகு வைத்து, உச்சத்தில் இருக்கும்போது வாங்கியிருக்கிறான். அன்றிலிருந்து கடைக்குள் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை விலையைப் பார்க்கிறான். ஏறினால் விற்க மனசு வரவில்லை, இறங்கினால் நஷ்டத்தில் விற்கத் துணிச்சல் வரவில்லை. தூக்கம் போய்விட்டது. இதையெல்லாம் துண்டு துண்டாகச் சொல்லிவிட்டு, கடைசியில் தலையைக் குனிந்துகொண்டான்.

“நீங்களும் போட்டா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்னு நினைச்சேண்ணா.”

அவனை நாலு அறை அறையலாம் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அடுத்த நொடியே, இத்தனை நாள் தனியாகக் கிடந்து வெந்திருக்கிறானே என்று இரக்கமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் எதையும் சொல்லத் தோன்றவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

கணவர் போனைக் கையில் எடுத்தார். பொத்தானைத் தொடவில்லை, வைக்கவுமில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று இருபத்தைந்து. இருபத்தெட்டு. அவர் மனசு கடைசி வரை அதிலேயே இருந்தது என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆசை யாரை விட்டது? மூன்றரைக்குத் திரையில் இருந்த எண்கள் நின்றுபோயின. அவர் மெதுவாகப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

கொழுந்தன் போன பிறகு கேட்டார். “பொய் சொல்லியிருக்கலாமே. நான் உன் பேச்சைத்தான் கேட்டிருப்பேன்.”

“இன்னைக்குப் பொய் சொல்லி நிறுத்திடுவேன். நாளைக்கு அவன் இன்னொரு கம்பெனியைக் கொண்டு வருவான். தினமும் நான் எங்க போய்ப் பொய் தேடறது?” என்றாள்.

அவர் எழுந்து, தம்பி குடித்த டம்ளரை எடுத்துப் போய்க் கழுவி வைத்தார்.

மறுநாள் கம்பெனி அறிவிப்பு வந்தது. காலை பத்தரைக்குள் பங்கு பத்து சதவீதம் ஏறிவிட்டது. ஆமாம், ஏறித்தான்விட்டது. கதையென்றால் விழுந்திருக்க வேண்டும், இது வீடு. கொழுந்தன் போனில் கத்தியது அடுப்படியில் நின்ற அவளுக்கே கேட்டது. நேற்றுப் போட்டிருந்தால் அவர் அச்சகத்தில் ஐந்து மாதம் நின்று சம்பாதிக்கிற சம்பளம் ஒரே காலையில் வந்திருக்கும். அன்று அவளுக்கு வார லீவு. கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். இதோ வரப்போகிறது, உன் பேச்சைக் கேட்டதற்கு எனக்கு நல்லா வேணும் என்ற வார்த்தை இப்போது வரும் என்று காத்திருந்தாள். வந்தால் வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுகூட நினைத்தாள்.

கணவர் தம்பியிடம் நிதானமாகக் கேட்டார். வித்துட்டியாடா என்றார். இன்னும் ஏறும்ணா என்றான் அவன். எதைப் பார்த்துச் சொல்றே என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல், பெண்டாட்டிகிட்டச் சொல்லு, முதல்ல நகையை மீட்டு வை என்று சொல்லி வைத்தார்.

பிறகு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். போன பணத்தை, இல்லை, வராத பணத்தை நினைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று அவர் முதுகே சொன்னது. அவளுக்கு அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டாள்.

எழுந்தார். சட்டையை மாட்டினார். அலமாரியில் தேடி, தூசி படிந்த அந்த ஆண்டறிக்கையை எடுத்துத் தட்டிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டார். ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து அடுப்படி வாசலில் நின்றார்.

“கிளம்பு. அந்த கேட்டுக்கு எதிர்ல எங்கயாவது உட்கார இடம் இருக்கா?”

அவளுக்கு முதலில் புரியவில்லை. எதிரே ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது, நிழல் உண்டு என்றாள்.

“போகும்போது இதைப் படிச்சுச் சொல்றேன், புரியாததை ரெண்டு பேரும் குறிச்சு வெச்சுப்போம். அங்க போய் நீ உள்ள போற லாரியை எண்ணு,” என்றார் அவர். “வெளிய வர்ற வண்டியை நான் எண்ணுறேன்.”